ஒரே இனத்தில் மூன்று சீட்டு விழுந்தால் சி-பெட் சின்னதாக இருக்கட்டும்

டெக்சாஸ் ஹோல்டம் போக்கரில் ஃபிளாப்பில், அதாவது மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில், மூன்றும் ஒரே இனமாக, உதாரணத்துக்கு மூன்றும் இஸ்பேட்டாக வந்தால், சி-பெட்டை (ஃபிளாப்புக்கு முன் கடைசியாகப் பந்தயத்தை ஏற்றியவர் ஃபிளாப்பிலும் தொடர்ந்து போடும் பெட்) பாட்டில் (நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயப் பணத்தில்) கால் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள். வழக்கத்தைவிட அதிகமாக செக்கும் (பெட் போடாமல் விடுவது) செய்யுங்கள்.

கையில் இஸ்பேட்டே இல்லாதவர் சின்ன பெட்டுக்கே பெரும்பாலும் சீட்டை மடக்கி விலகிவிடுவார். பெரிய பெட்டைத் தாங்கி நிற்பவர் ஃபிளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) உள்ளவரோ பெரிய இஸ்பேட் வைத்திருப்பவரோதான், அதாவது நாம் யாரிடம் பணம் போடக்கூடாதோ அவர். கணக்கும் அதையே சொல்கிறது: 100 சிப் உள்ள பாட்டில் 30 போட்டால் எதிராளி 23 சதவீதம் மடக்கினாலே நஷ்டமில்லை, 75 போட்டால் 43 சதவீதம் மடக்கவேண்டும்.

பிளஃப் (பலமில்லாத கையோடு எதிராளியை மடக்கவைக்கப் போடும் பெட்) செய்ய மிகச் சிறந்த சீட்டு அந்த இனத்தின் ஏஸ். அது உங்களிடம் இருந்தால் எதிராளிக்கு உச்ச ஃபிளஷ் கிடையாது; அதோடு ரிவருக்குள் (கடைசிப் பொதுச் சீட்டு வருவதற்குள்) உங்களுக்கே ஃபிளஷ் சேர சுமார் 35 சதவீத வாய்ப்பும் இருக்கிறது. அந்த இனமே இல்லாத ஜோடி ஏஸ் கூடப் பல நேரம் செக் செய்யவேண்டிய கைதான். மனசு கேட்காது, ஆனாலும் செய்யுங்கள்.

மூன்று நான்கு பேர் பாட்டில் இருந்தால் இது செல்லாது, யாரிடமாவது நல்ல இஸ்பேட் இருக்கும். எதற்கும் மடக்காதவர் எதிரே இருந்து, உங்களிடம் ஃபிளஷ் தயாராக இருந்தால், தாராளமாகப் பெரிதாகவே போடுங்கள்.