வியாழனின் எக்ஸ்-கதிர்த் துடிப்பை மடிக்கணினியில் அளப்பது எப்படி

எண்ணூர்ப் புகையும் மணலி வெளிச்சமும் வியாழனின் எக்ஸ்-கதிர்த் துடிப்பை அளக்கும் இந்த வேலைக்குத் தடையே இல்லை. விண்ணிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களைக் காற்று மண்டலமே விழுங்கிவிடும், மலை உச்சியிலும் கிடைக்காது. 1999-இல் ஏவப்பட்ட சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கிகளின் பழைய பதிவுகள் காப்பகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. தண்டையார்பேட்டையில் ஒரு மடிக்கணினியும் நல்ல பிராட்பேண்டும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

விடை தெரிந்த கணக்கில் கை பழகுவதுதான் நல்லது. 2000 டிசம்பர் 18 அன்று சந்திரா தன் எச்ஆர்சி கேமராவால் வியாழனை 10 மணி நேரம் பார்த்தது. கோள் ஒருமுறை சுழல 9 மணி 55 நிமிடம், ஆக ஒரு முழுச் சுற்று. வடதுருவத்தில் சுமார் 45 நிமிடத்துக்கு ஒருமுறை எக்ஸ்-கதிர் கூடிக் குறைந்து துடிக்கும் புள்ளி இதில்தான் தெரிந்தது. சந்திரா பதிவுகளை அலசும் சியாவோ மென்பொருளை, கோண்டா என்ற நிறுவும் கருவி வழியாக நிறுவுங்கள். விண்டோஸ் என்றால், அதற்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வேண்டும்.

அடுத்த படியில்தான் பலருக்குச் சறுக்கும். பதிவு நடக்கும்போது வியாழனும் நகர்கிறது, சந்திராவும் நகர்கிறது. காசிமேட்டில் ஓடும் படகிலிருந்து பார்த்தால், நங்கூரமிட்ட கப்பல் தொடுவான விளக்குகளுக்கு முன்னால் நகர்வதுபோல் தோன்றுமே, அதே கதை. சந்திரா பூமியிலிருந்து ஏறக்குறைய 1,40,000 கி.மீ. வரை விலகிப் போகும். வியாழனின் விட்டம் சுமார் 1,43,000 கி.மீ. பூமி மையத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கோள் தன் முழு அகலத்துக்கே தள்ளி விழலாம், எண்ணுவதற்காக வடதுருவத்தில் நீங்கள் வைத்த வட்டத்துக்குள் வெறும் வானம் இருக்கும். இந்த நகர்வைக் கழித்துக் கோளை ஓரிடத்தில் நிறுத்தும் சியாவோவின் எஸ்எஸ்ஓ-ஃப்ரீஸ் கருவிக்கு, பதிவோடு இந்த மூன்று கோப்புகளையும் கொடுங்கள்: சந்திராவின் சுற்றுப்பாதை, வியாழனின் நிலை, தொலைநோக்கி எங்கே நோக்கியது என்ற பதிவு. வந்த படத்தில் தட்டு வட்டமாக இருந்தால் சரி. இழுபட்டிருந்தால் கோப்புகளின் தேதியைப் பாருங்கள்.

பிறகு ஒவ்வொரு ஃபோட்டானும் (எக்ஸ்-கதிர்த் துகளும்) கோளின் எந்தத் தீர்க்கரேகையிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கோள்களின் நிலையைக் கணக்கிட்டுத் தரும் நாசாவின் ஹொரைசன்ஸ் தளத்தில் பார்வையாளர் இடமாகச் சந்திராவையே தேர்ந்தெடுத்து, கோளின் எந்தத் தீர்க்கரேகை நம்மை நோக்குகிறது என்ற பட்டியலை எடுங்கள். ஒளி வந்துசேரும் நேரம், அந்த நாளில் சுமார் 34 நிமிடம், அதில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். நீங்களும் ஒருமுறை கழித்தால் 20 டிகிரி பிசகும். பட்டியலின் நேரம் உலக நேரம், நம் கடிகாரத்துக்கு 5 மணி 30 நிமிடம் பின்னால். இப்போது 60 முதல் 70 டிகிரி வட அட்சரேகை, 160 முதல் 180 டிகிரி தீர்க்கரேகையைச் சுற்றி ஃபோட்டான்கள் குவிந்திருக்க வேண்டும்.

துடிப்பைத் தேடும்போது அவசரம் கூடாது. புள்ளி நம் பக்கம் இருப்பது ஏறக்குறைய அரைச் சுற்று, 5 மணி நேரம். 45 நிமிடத் துடிப்பு அதில் ஆறு தடவைதான் வரும். அது தற்செயலா என்று தெரிய, ஃபோட்டான் நேரங்களைக் கலைத்துப் போட்டு 10,000 போலித் தொடர்கள் உருவாக்கி ஒப்பிடுங்கள். நேரங்களைச் சமமாகத் தூவாதீர்கள். புள்ளி எழுந்து மறையும் வளைவின்படியே தூவ வேண்டும், இல்லையென்றால் சுழற்சியே துடிப்பாகத் தெரியும்.

எச்ஆர்சிக்கு ஆற்றலைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதற்கு எக்ஸ்எம்எம்-நியூட்டனின் ஈபிக்-பிஎன் கேமரா பதிவுகள். 0.57, 0.65 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஃபோட்டான் ஆற்றலின் அலகு) ஆற்றலில் எலக்ட்ரான்களைப் பெரும்பாலும் இழந்த ஆக்சிஜன் தெரியும். 2 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே பாய்ந்து விழும் எலக்ட்ரான்களின் ஒளி. இரண்டையும் கலக்காதீர்கள். 2017 ஜூலையில் 26 மணி நேரம் எடுத்த பதிவில், வியாழனைச் சுற்றும் நாசாவின் ஜூனோ கலமும் அருகே இருந்தபோது, 27 நிமிடத் துடிப்பு காந்தப்புல அலையோடு சேர்ந்தே வந்தது.

தென்துருவத்தைத் தனியாகக் கணக்கிடுங்கள். அது வடக்கோடு ஒத்துத் துடிக்காமல், 11 நிமிட இடைவெளியிலும் துடித்திருக்கிறது. ஆனால் எச்ஆர்சி பதிவின்போது சந்திராவே வேண்டுமென்று 768 வினாடி, 1087 வினாடிக் கால அளவுகளில் லேசாக ஆடும். உங்கள் துடிப்பு 12.8 நிமிடத்திலோ 18.1 நிமிடத்திலோ நின்றால், அதே பதிவில் வியாழன் இல்லாத வெற்று வானத்துக்கும் அந்தக் கணக்கையே போட்டுப் பாருங்கள். அங்கேயும் வந்தால் அது வியாழன் அல்ல.