விலையுயர்ந்த சுருட்டு: காசு இலைக்கா, பெட்டிக்கா?

ஒரு சுருட்டுக்கு 30 டாலர் என்றால் யோசிக்காமல் எடுப்பவர், அதே அலமாரியில் 300 டாலருக்கு இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதே ஆள் இன்னொரு நாள் 100 டாலர் கொடுத்து ஒன்றை வாங்கிப் போவார். வெளியிலிருந்து பார்த்தால் கிறுக்குத்தனம்தான். ஆனால் உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. கொடுக்கும் காசில் எவ்வளவு எரியப் போகிறது, எவ்வளவு எரியாமல் மேசைமேல் கிடக்கப் போகிறது? இலையும், அது பக்குவப்பட்ட காலமும், சுற்றியவர் கைவேலையும் எரிபவை. அரக்கு பூசிய பெட்டி, தங்கத் தாள், படிகக் குப்பி, கார் கம்பெனியின் சின்னம் எல்லாம் மிஞ்சுபவை. அனுபவப்பட்டவர்கள் முன்னதற்குத் தாராளமாகக் கொடுப்பார்கள், பின்னதற்குக் கை வராது. வாங்கும் முன் இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதைச் சொல்வதுதான் இந்தக் குறிப்பு.

இலைக்கு ஏன் அவ்வளவு விலை

கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் வுயெல்டா அபாஹோ என்ற பகுதி இருக்கிறது. சான் லூயிஸ், சான் ஹுவான் இ மார்த்தீனெஸ் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள செம்மண் நிலம். அங்கே ஒரே செடியில் கீழிருந்து மேலாக மூன்று வகை இலை பறிப்பார்கள். அடியிலை வொலாதோ, காரம் குறைவு, நன்றாக எரியும். நடு இலை சேக்கோ, மணத்துக்கு. செடியின் மேற்பகுதி இலை லிகெரோ. வெயிலை நேராக வாங்குவதால் தடிப்பும் காரமும் அதற்கு அதிகம். லிகெரோ மெதுவாக எரியும் என்பதால் சுருட்டின் நட்டநடுவில்தான் வைக்க வேண்டும். ஓரத்துக்கு வந்துவிட்டால் ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் நிற்கும். வொலாதோவைச் சில மாதங்கள் கிடப்பில் போட்டால் போதும், லிகெரோவுக்குக் குறைந்தது 2 ஆண்டுகள் வேண்டும். சரக்கு கிடங்கில் தூங்கும் அத்தனை காலமும் முதலும் சேர்ந்து தூங்குகிறது. விலையில் பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

லிகெரோவுக்கும் மேலே, சில செடிகளில் மட்டும், உச்சியில் இரண்டு சிறிய இலைகள் வரும். அதற்கு மெதியோ தியெம்போ என்று பெயர். எல்லாச் செடியிலும் வராது, எல்லாப் போகத்திலும் ஒரே அளவில் கிடைக்காது. கியூபாவின் கொஹிபா பிராண்டில் 2010-இல் வந்த பெஹிகே வரிசைக்கு இந்த இலைதான் அடையாளம். பெஹிகே அறிமுகமானபோது விலை அதிகம் என்று முணுமுணுத்தவர்கள்கூட வாங்கினார்கள் என்றால், அந்த விலைக்கு ஒரு காரணத்தை விரலால் தொட்டுக் காட்ட முடிந்ததுதான் விஷயம்.

மேலிலை, அதாவது சுருட்டின் வெளிப்புறத்தைச் சுற்றும் இலை, தனி உலகம். அதற்கென்று தனிச் செடி வளர்த்து, வயல் முழுக்க மெல்லிய துணிப் பந்தல் போட்டு, வெயிலை வடிகட்டுவார்கள். நரம்பு தடித்தால், ஓட்டை விழுந்தால், நிறம் திட்டுத்திட்டாக வந்தால் கீழ்த்தரத்துக்குப் போய்விடும். நிழலில் வளர்ந்த பட்டுப்போன்ற மேலிலைக்காக நியாயமாகவே விலை ஏற்றலாம். டொமினிகன் குடியரசில் அத்தகைய மேலிலை வராது என்று சொல்லப்பட்டு வந்த காலத்தில், சுருட்டு செய்யும் அர்துரோ ஃபுயெந்தே குடும்பம் தங்கள் தோட்டத்திலேயே வளர்த்து 1995-இல் ஓபஸ் எக்ஸ் என்ற சுருட்டைக் கொண்டுவந்தது. இன்றும் அதற்கு ஆள் காத்திருக்கிறார்கள். குறித்த விலைக்குக் கிடைத்தால் எடுக்கலாம். கைமாறிக் கைமாறி இரண்டு மடங்காகும்போது அந்தக் கூடுதல் காசில் ஒரு பைசாகூட இலைக்குப் போவதில்லை.

அளவையும் கவனியுங்கள். சுருட்டின் தடிமனை அங்குலத்தில் 64-இல் ஒரு பங்காகக் கணக்கிடுவார்கள். 50 என்றால் ஏறக்குறைய 19.8 மில்லிமீட்டர். ஒரே நீளத்தில் 50-ஐ 60 ஆக்கினால் உள்ளிலை 44 சதவீதம் கூடும், மேலிலையின் சுற்றளவோ 20 சதவீதம்தான் கூடும். மணத்தில் பெரும்பங்கு மேலிலையிலிருந்து வருவதால், பருமனான சுருட்டில் அது அமுங்கிப்போகும். ‘பெரிசு, அதனால் விலை’ என்ற வாதத்தைப் பழகியவர்கள் ஏற்பதில்லை. மாறாக 192 மில்லிமீட்டர் நீளமும் 38 தடிமனும் கொண்ட கொஹிபா லான்செரோ மாதிரி ஒல்லியானதைச் சுற்றத் தேர்ந்த கை வேண்டும். ஒரு இலை முறுகினாலும் அடைத்துக்கொள்ளும். அங்கே கொடுக்கும் கூலி நியாயமானது.

‘பழையது’ என்று சொன்னால் எத்தனை ஆண்டு என்று கேளுங்கள்

காலத்துக்குக் காசு கொடுக்கலாம், எண் இருந்தால் மட்டும். கியூபச் சுருட்டுகளை விற்கும் ஹபானோஸ் நிறுவனம், சுருட்டில் சுற்றும் தாள் பட்டையில் ‘ரிசர்வா’ என்று போட்டால் உள்ளே உள்ள இலை 3 ஆண்டு பக்குவப்பட்டது, ‘கிரான் ரிசர்வா’ என்றால் 5 ஆண்டு. பெட்டிகளுக்கு வரிசை எண் உண்டு. நிகராகுவாவில் சுற்றப்படும் பத்ரோன் 1964 ஆனிவர்சரி வரிசையில் இலை குறைந்தது 4 ஆண்டு, 1926 வரிசையில் 5 ஆண்டு. ஒவ்வொரு சுருட்டிலும் எண்ணிட்ட இரண்டாவது பட்டை இருக்கும். ‘எங்கள் தாத்தா காலத்து ரகசியக் கிடங்கு’, ‘அரிய பழம் இலை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது விளம்பர வாசகம். அதற்கு ஒரு டாலர்கூட ஏற்றிக் கொடுக்க வேண்டியதில்லை.

கோன்யாக் என்ற பிரெஞ்சு பிராந்தியிலோ ரம்மிலோ ஊறவைத்தது என்றால் இன்னும் உஷாராக இருங்கள். கர்க்கா நிறுவனத்தின் ‘ஹிஸ் மெஜஸ்டிஸ் ரிசர்வ்’ என்ற சுருட்டு, லூயி 13 என்ற விலையுயர்ந்த கோன்யாக் ஏற்றியது என்று பேர்வாங்கியது. பெட்டி விலை ஆயிரக்கணக்கான டாலர். ஆனால் பழைய கோன்யாக்கின் வாசனை 5 ஆண்டு பக்குவப்பட்ட இலையை மூடிவிடும் என்றால், இலையை எதற்கு 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும்? யாழ்ப்பாணத்தில் சுருட்டுப் புகையிலைக்குக் கோடா என்ற மணநீர் தெளித்துக் காரத்தை அடக்கி மணமேற்றுவது நெடுங்கால வழக்கம்தான். அது வேலைக்குப் போகிறவர் கட்டுப்படியாகும் விலையில் வாங்கும் சுருட்டு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே வேலையைச் செய்துவிட்டு நூறு மடங்கு விலை வைக்கும்போதுதான் கேள்வி வருகிறது. தங்கத் தாள் சுற்றிய சுருட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். தங்கத்துக்கு மணமும் கிடையாது, ருசியும் கிடையாது.

ஒரே அளவு, மூன்று விலை

பேருக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒரே அளவில் பல பிராண்டுகளை அடுக்கிப் பார்ப்பது. கொஹிபா ரொபுஸ்தோஸ், பார்தகாஸ் செரியே டி 4, ராமோன் அயோனெஸ் ஸ்பெஷலி செலக்டெட் மூன்றும் 124 மில்லிமீட்டர் நீளம், 50 தடிமன். ஏறக்குறைய ஒரே எடை இலை, ஒரே அளவு கைவேலை, ஒரே வட்டாரத்து மண். கொஹிபாவில் கூடுதலாக இருப்பவை இரண்டு: முதல் தர வயல்களிலிருந்து இலை பொறுக்குவது, சேக்கோவையும் லிகெரோவையும் மரப்பீப்பாயில் மூன்றாம் முறை நொதிக்க வைப்பது. இவற்றால் புகை மழமழப்பாக வரும் என்பது உண்மை. அதற்கு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு கொடுப்பவர்கள் உண்டு.

2022-இல் ஹபானோஸ் நிறுவனம் கொஹிபா, திரினிதாத் இரண்டின் விலையையும் உலகம் முழுக்க ஹாங்காங் மட்டத்துக்கு உயர்த்தியது. அதுவரை ஸ்பெயினில் மலிவாக வாங்கி வந்தவர்களுக்கு ஒரே இரவில் விலை பலமடங்கு ஏறியது. இலை மாறவில்லை, சுற்றும் முறை மாறவில்லை. நீண்டநாள் வாடிக்கையாளர்கள் பலர் அப்போதுதான் பார்தகாஸ், எச். உப்மன், பொலிவார் பக்கம் நகர்ந்தார்கள். பெஹிகே இன்று ஒன்று 200 டாலரைத் தாண்டி விற்கிறது. அதை வாங்குபவரில் ஒரு பகுதியினர் பெட்டியைப் பிரிப்பதே இல்லை, முதலீடாக வைத்திருப்பவர்கள். புகைக்க வாங்குபவருக்கு அந்தப் போட்டியில் நிற்க வேண்டிய அவசியமில்லை.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

முதலில் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். கியூபச் சுருட்டுப் பெட்டியின் அடியில் சூடு வைத்துப் பதித்த முத்திரை இருக்கும்: நிறுவனப் பெயர், ‘கியூபாவில் செய்தது’, ‘தோதால்மென்தே அ மானோ’, அதாவது முழுக்கக் கையால். வெறும் ‘எச்சோ அ மானோ’ என்று இருந்தால் உள்பாகத்தை இயந்திரம் சுற்றியிருக்கலாம். பக்கத்தில் மூன்று எழுத்துத் தொழிற்சாலைக் குறியீடு, மாதம், ஆண்டு. மாதம் ஸ்பானியச் சுருக்கத்தில்தான் இருக்கும். ஜனவரிக்கோ ஆகஸ்டுக்கோ ஆங்கிலச் சுருக்கம் அடித்திருந்தால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியேறலாம். உத்தரவாதச் சீட்டில் உள்ள பட்டைக்குறியீட்டு எண்ணை ஹபானோஸ் இணையதளத்தில் சரிபார்க்க முடியும். கண்ணாடி மூடி போட்ட கொஹிபா பெட்டி எங்கே பார்த்தாலும் போலிதான். கடற்கரையில், ‘மச்சான் தொழிற்சாலையில் வேலை செய்கிறான்’ என்று பாதி விலைக்குத் தருவதும் அதே ரகம்.

பெட்டியைத் திறந்தால் நிறம் இடமிருந்து வலமாக மெல்ல மாறி ஒரே சாயலில் இருக்க வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் கறுத்து நின்றால் தரம்பிரித்தவர் கவனிக்கவில்லை, அல்லது யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். ஒன்றை எடுத்து, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பற்றவைக்கும் கால்முனையிலிருந்து வாயில் வைக்கும் தலைவரை மெதுவாக அமுக்கிக்கொண்டே வாருங்கள். லேசாக அமுங்கி மீண்டும் எழ வேண்டும். ஓரிடத்தில் பொசுக்கென்று உள்ளே போனால் அங்கே இலை குறைவு; புகைக்கும்போது அங்கே சூடேறி நடுவில் குழாய்போல எரியும். கல்மாதிரி ஓரிடம் இருந்தால் அங்கே அடைப்பு. தலைத் தொப்பியை உற்றுப் பார்த்தால் கியூபச் சுருட்டில் மெல்லிய மூன்று வளையம் தெரியும். கால்முனையில் இலைகள் விசிறி மடிப்புபோல மடிந்திருக்க வேண்டும். துண்டு துண்டாக நொறுங்கிய தூள் தெரிந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

அமோனியா நெடி அடித்தால் சுருட்டு இன்னும் பச்சை. கெட்டுப்போனதல்ல, ஆறு மாதமோ ஓராண்டோ கிடந்தால் சரியாகும். அதற்கு இன்றே முழு விலை கொடுப்பதா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

பெட்டி வாங்கும் முன் மூன்று

25 உள்ள பெட்டியை எடுத்த எடுப்பில் வாங்காதீர்கள். மூன்று உதிரி வாங்குங்கள். 65 சதவீத ஈரப்பதம், 18 முதல் 20 டிகிரி வெப்பத்தில் மூன்று, நான்கு வாரம் ஓய்வில் விடுங்கள். ‘விலை கொடுத்தும் குப்பை’ என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்தவர்களுடையவை. 75 சதவீத ஈரத்தில் கிடந்த சுருட்டு ஊறி உப்பி, இழுவை அடைத்து, பாதியில் அணைந்து, கசக்கும். அது சுற்றியவர் குற்றமல்ல.

புகைக்கும் நாளில் பட்டையைக் கழற்றிவிட்டு, விலை குறைந்த இன்னொன்றையும் அதேபோலப் பட்டையில்லாமல் வைத்து, எது எது என்று தெரியாமல் யாரையாவது எடுத்துத் தரச் சொல்லுங்கள். தொப்பியில் 2 மில்லிமீட்டருக்கு மேல் வெட்ட வேண்டாம். தலை வளைந்து முடியும் இடமான தோளுக்குக் கீழே வெட்டினால் மேலிலை பிரிந்துவிடும். பற்றவைக்கும் முன் வெறுமனே ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், குளிர்பான உறிஞ்சியில் உறிஞ்சுவது மாதிரி லேசான தடையோடு காற்று வர வேண்டும். பெட்ரோல் லைட்டரும் மெழுகுவர்த்தியும் ஆகாது, வாடை ஏறிவிடும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும், அவசரப்பட்டால் எந்தச் சுருட்டும் கசக்கும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய்க்கும் தொண்டைப் புற்றுநோய்க்கும் சுருட்டு காரணமாகிறது, அது 30 டாலர் சுருட்டானாலும் 300 டாலர் சுருட்டானாலும்.

சுருட்டை நீளவாக்கில் மூன்றாகப் பிரித்தால், கவனிக்க வேண்டியது கடைசிப் பகுதி. முதல் பகுதியில் எல்லாமே நன்றாக இருக்கும். நல்ல இலை கடைசிவரை ருசி மாறிக்கொண்டே வந்து, முடிவில் காரமேறினாலும் கரியாகாது. வாங்கிய மூன்று சுருட்டில் இரண்டு அடைத்தால் அந்தப் பெட்டி வேண்டாம். மூன்றும் நன்றாக இருந்து, பட்டையில்லாமலே அதை நீங்கள் அடையாளம் கண்டுபிடித்தால், கேட்ட விலையைக் கொடுக்கலாம்.

வாங்கிய பெட்டியைச் சென்னை மாதிரி ஊரில் வைப்பது தனிப் பாடு. 24 டிகிரியைத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து, குண்டூசி ஓட்டைகளாகப் போட்டுக்கொண்டு வரும். வந்தவுடன் காற்றுப்புகாப் பையில் கட்டி, ஒருநாள் ஃபிரிட்ஜில், மூன்று நாள் ஃபிரீசரில், மறுபடி ஒருநாள் ஃபிரிட்ஜில் வைத்து வெளியே எடுங்கள். நேரே ஃபிரீசரில் போட்டாலோ நேரே வெளியே எடுத்தாலோ மேலிலை வெடிக்கும். பிறகு 60 கிராம் ஈரப்பதப் பொட்டலம் 25 சுருட்டுக்கு ஒன்று வீதம் போட்டு, ஒயின் வைக்கும் குளிர்பெட்டியில் 18 டிகிரியில் விடலாம்.