கான்ட்ராஸ்ட் டேங்கில்தான் முடிவாகிறது: வீட்டில் கருப்பு வெள்ளை ஃபிலிம் கழுவும் முறை

ஃபிலிமில் வெளிச்சம் குறைவாக விழுந்த நிழல் பகுதிகள் டேங்கில் (ஃபிலிமைக் கழுவும், வெளிச்சம் புகாத பாத்திரம்) டெவலப்பருக்குள் (படத்தை வெளிக்கொணரும் ரசாயனக் கரைசல்) போன முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் வெளிவந்துவிடும். அங்கே வெள்ளி உலோகமாக மாறக்கூடியது கொஞ்சம்தான். அதற்குமேல் ஊறவிட்டாலும் பெரிதாக ஏறாது. வானம், வெள்ளைச் சட்டை, வெயில் பட்ட சுவர் ஆகியவை அப்படியில்லை. நேரம் கூடக் கூட நெகட்டிவில் (வெளிச்சமும் இருளும் தலைகீழாகத் தெரியும் கழுவிய ஃபிலிம்) கறுத்துக்கொண்டே போகும். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் கான்ட்ராஸ்ட். ஆகவே நிழலைத் தீர்மானிப்பது எக்ஸ்போஷர் (படமெடுக்கும்போது ஃபிலிமில் விழும் ஒளியின் அளவு), வெளிச்சப் பகுதியைத் தீர்மானிப்பது கழுவும் நேரம். நிழலில் பதியாமல் போன விவரத்தை எந்த டெவலப்பராலும் மீட்க முடியாது.

இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஃபிலிமும் ஐடி-11 டெவலப்பரும் பழகுவதற்கு நல்ல ஜோடி. கோடாக்கின் டி-76 இதற்கு மிக நெருங்கிய கலவைதான். ஒரு 35 எம்எம் ரோலுக்கு 150 மி.லி. ஸ்டாக் கரைசலோடு (நீர்க்கச் செய்யாத மூலக் கரைசல்) 150 மி.லி. தண்ணீர் சேர்த்து 1+1, அதாவது சரிபாதி, ஆக்குங்கள். ஒரு முறை பயன்படுத்தியதும் கொட்டிவிடுங்கள். கேமராவில் 400 ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன் அளவு) வைத்து எடுத்த ரோலுக்கு 20 டிகிரி செல்சியஸில் 13 நிமிடம். இதுதான் அடிப்படை. முதல் ரோலில் இதை மாற்றவே மாற்றாதீர்கள்.

வெயிலும் ஆழ்ந்த நிழலும் ஒன்றாக வரும் காட்சிகளுக்கு 200 ஐஎஸ்ஓ வைத்து எடுத்து, நேரத்தை 20 சதவீதம் குறைத்துச் சுமார் பத்தரை நிமிடம் கழுவுங்கள். மேகமூட்டமான, தட்டையான வெளிச்சத்துக்கு 400இலேயே எடுத்து 16 நிமிடம் வரை போகலாம். துகள் கொஞ்சம் பருக்கும். அது தவிர்க்க முடியாதது. ஒரு ரோலின் எல்லா ஃபிரேமுக்கும் ஒரே நேரம்தான் என்பதால், இரண்டு வகை வெளிச்சத்தையும் ஒரே ரோலில் கலக்காமல் இருப்பது நல்லது. எந்த டெவலப்பராக இருந்தாலும் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் படத்தில் திட்டுத் திட்டாக வரும். அப்போது கரைசலை இன்னும் நீர்க்கச் செய்து நேரத்தை நீட்டுங்கள்.

வெப்பநிலையில் அலட்சியம் கூடாது. அதே 13 நிமிடம் 24 டிகிரியில் சுமார் 9 நிமிடம் ஆகிவிடும். தெரியாமல் 13 நிமிடமே விட்டால் கான்ட்ராஸ்ட் எகிறிவிடும். அறை சூடாக இருந்தால், ஐஸ் கட்டியை மூடிய பையில் போட்டு, டேங்கும் பாட்டில்களும் நிற்கும் தண்ணீர்ப் பாத்திரத்தில் வையுங்கள். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்கச் செய்யும் ஃபிக்சர், அலசும் தண்ணீர் எல்லாமே ஒன்றுக்கொன்று ஓரிரண்டு டிகிரிக்குள் இருக்கட்டும்.

அடுத்தது டேங்கைக் கவிழ்ப்பது. டெவலப்பரை ஊற்றியதும் 10 விநாடிக்குள் 4 முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே போல 4 முறை. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் அடிப்பகுதியை மேசையில் லேசாகத் தட்டினால் குமிழிகள் விலகும். வேகமாகக் குலுக்கினால் ஃபிலிம் ஓரத்துத் துளைகளின் வழியே கரைசல் பாய்ந்து, அவற்றையொட்டி வரிகள் விழும், கான்ட்ராஸ்ட்டும் ஏறும். மெதுவாகக் கவிழ்த்தால் வெளிச்சப் பகுதிகளை ஒட்டியுள்ள டெவலப்பர் அங்கேயே தளர்ந்துபோய், அவை அளவுக்கு மீறிக் கறுக்காமல் தடுக்கும். நீர்த்த கரைசலில் இந்த விளைவு இன்னும் அதிகம். ஆனால் நேரத்தை மாற்றும் ரோலில் கவிழ்க்கும் முறையையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

மற்றவை சுலபம். ஸ்டாப் பாத் 10 விநாடி, ரேபிட் ஃபிக்சர் 1+4 கரைசலில் 3 முதல் 5 நிமிடம். பிறகு புதுத் தண்ணீர் மாற்றி மாற்றி 5, 10, 20 என மூன்று முறை கவிழ்த்து அலசி, வெட்டிங் ஏஜென்ட் (நீர்த்துளித் தடம் விழாமல் காக்கும் திரவம்) சில சொட்டு கலந்த தண்ணீரில் முக்கி, தூசி இல்லாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

காய்ந்த நெகட்டிவை அச்சிட்ட செய்தித்தாள்மேல் வைத்துப் பாருங்கள். முக்கியமான வெளிச்சப் பகுதி வழியாக எழுத்து மங்கலாகவாவது படிக்கக் கிடைத்தால் நேரம் சரி. எழுத்தே தெரியாவிட்டால் அடுத்த ரோலுக்கு 10 சதவீதம் குறையுங்கள். நிழல் கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தால் நேரத்தைத் தொட வேண்டாம், ஐஎஸ்ஓவைப் பாதியாக்குங்கள். படங்கள் முழுக்க மெலிந்திருக்கிறதா? ஓரத்தில் ஆலையிலேயே பதித்த எண்களைக் கவனியுங்கள். அவை அழுத்தமாக இருந்தால் எக்ஸ்போஷர்தான் குறைவு. அவையும் வெளிறியிருந்தால் டெவலப்பர் செத்துவிட்டது, அல்லது நேரமோ வெப்பமோ போதவில்லை.

என்லார்ஜர் என்பது நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் பிரிண்ட் போடும் கருவி. ஒளியை லென்ஸ்களால் குவிக்கும் கண்டென்சர் என்லார்ஜரில் பிரிண்ட் போடுபவர்கள், ஒளியைப் பரப்பி அனுப்பும் டிஃப்யூஷன் என்லார்ஜருக்குச் சரியாக வரும் நேரத்திலிருந்து 10 முதல் 15 சதவீதம் கழித்துத் தொடங்கலாம். கண்டென்சர் கான்ட்ராஸ்ட்டைத் தானாகவே கூட்டிக் காட்டும்.