கேரவன் ஓட்டும்போது கருகல் வாடை வந்தால் எங்கே தேடுவது?

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் கருகல் வாடை வந்தால் முதலில் ஓரம் கட்டுங்கள். மோப்பமெல்லாம் அப்புறம். கார் என்றால் நாலு கதவையும் திறந்து எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கிவிடலாம். கேரவனுக்குள் மெத்தை, திரைச்சீலை, பிளைவுட் அலமாரி, அடுப்பு, சிலிண்டர் என்று எரியக்கூடியதே நிறைந்திருக்கிறது. பின்னால் இருப்பவர்கள் இறங்குவதற்குப் பெரும்பாலும் ஒரே கதவுதான். அதனால் தூங்குகிறவர்களையும் எழுப்பிக் கீழே இறக்கிவிட்ட பிறகே நான் எதையும் பார்ப்பேன். வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறதே என்று அவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நிறுத்தும் இடத்தையும் பார்க்க வேண்டும். காரைக்குடியைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் ஓரத்தில் காய்ந்த புல், சீமைக்கருவேலச் சருகு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த பிஎஸ் 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி இருக்கும். அது நிறைந்ததும் வண்டி தானாகவே அந்தக் கரியை எரித்துவிடும். அப்போது உள்ளே சூடு 600 டிகிரி வரை ஏறும். அந்த நேரத்தில் புல்மேல் நிறுத்தினால் புல்லே பற்றிக்கொள்ளும். தார் மேலோ வெறும் செம்மண் மேலோ நிறுத்துங்கள். கரி எரியும் அந்தச் சில நிமிஷங்களில் லேசான சூட்டு வாடை வருவது இயல்புதான். அது தானாக அடங்கிவிடும்.

ஓரம் கட்ட இடம் தேடும் அந்த அரை நிமிஷத்தில் ஒரு சோதனை செய்துவிடலாம். ஏசியில் வெளிக்காற்றை அடைக்கும் பொத்தானை அழுத்துங்கள். வாடை குறைந்தால் அது வெளியிலிருந்தோ இன்ஜின் பக்கமிருந்தோ வருகிறது. குறையாமல் அடர்ந்துகொண்டே போனால் வண்டிக்குள்ளேயே ஏதோ கருகுகிறது. எங்கள் பக்கம் வெளிப்புகைக்கும் பஞ்சமில்லை. சிவகங்கை, ராமநாதபுரம் சீமையில் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் மூடிக் கரிமூட்டம் போடுவார்கள். தேவகோட்டை தாண்டித் தெற்கே போகையில் காற்று நம் பக்கம் திரும்பினால் அந்தப் புகை வெகுதூரம் கூடவே வரும். இறங்கி நின்று பாருங்கள். வண்டியை விட்டு இருபதடி தள்ளி நின்றாலும் அதே வாடை என்றால் வண்டிமேல் பழி இல்லை.

இறங்கி நிற்பதில் இன்னொரு பயனும் உண்டு. ஒரே வாடையைச் சில நிமிஷம் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது, கடையில் டீ வாங்கிக்கொண்டு ஏறுகிறவர் மூக்கைப் பொத்துவார். அவர் சொல்வதை நம்புங்கள். ஐந்து நிமிஷம் வெளியே நடந்துவிட்டு வந்தால் உங்கள் மூக்கும் மறுபடி வேலை செய்யும்.

அடுத்தது சக்கரம். புறங்கையை ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். இடதையும் வலதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது, அல்லது பேரிங் போயிருக்கிறது. கொடைக்கானல் மலையிறங்கி வந்து நாலு சக்கரமும் சூடாக இருந்தால் அதில் அதிசயமில்லை, ஆறவிட்டு அடுத்த இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்கினால் போதும். எங்கள் பக்கம் மலைப்பாதையே கிடையாது. குன்றக்குடியும் திருமயமும் படியேறிப் பார்க்கிற குன்றுகள். சமதரையில் ஓடிய வண்டியில் சக்கரம் கொதித்தால் அது பழுதுதான். பின்னால் இரட்டை டயர் உள்ள வண்டியில் உள்டயரில் காற்று இறங்கியிருப்பது வெளியே தெரியாது. இரண்டும் உரசிக்கொண்டு ரப்பர் தீயும். கட்டையால் தட்டிப் பார்த்தால் சத்தத்தில் வித்தியாசம் கேட்கும். தண்ணீர்த் தொட்டியையும் மறக்காதீர்கள். 100 லிட்டர் நிரப்பினால் 100 கிலோ கூடுகிறது, அந்தப் பாரமும் டயர்மேல்தான்.

கிளட்ச் வாடை நெடியாக வரும், சீக்கிரம் போய்விடும். செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டும் வைத்துக் கட்டியவை. கானாடுகாத்தான், ஆத்தங்குடி மாதிரி ஊர்களில் அந்த நீள மதிலுக்குப் பக்கத்தில் ஆஃப் கிளட்ச்சில் ரிவர்ஸ் எடுத்து எடுத்துத் திருப்பினால் கிளட்ச் பிளேட் வாடை வராமல் இருக்காது. பத்து நிமிஷம் ஆறவிடுங்கள். நேர் ரோட்டில், டாப் கியரில், இன்ஜின் மட்டும் இரைந்து வேகம் ஏறாமல் இதே வாடை வந்தால் பிளேட் வழுக்குகிறது, மாற்றத்தான் வேண்டும்.

குனிந்து அடியிலும் பாருங்கள். அறுப்பு முடிந்த தை, மாசியில் கிராமத்து ரோட்டில் வைக்கோலும் பயறுச் செடியும் பரப்பி வைத்திருப்பார்கள், வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று. அது அடியில் சுழலும் புரொப்பல்லர் ஷாஃப்ட் தண்டில் சுற்றிக்கொள்ளும், சைலன்சர் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படியே தீப்பிடித்த வண்டிகள் உண்டு. பரப்பு கண்ணில் பட்டால் நான் சுற்றுவழிதான் போவேன். வழியில்லாமல் ஏறிவிட்டால், தாண்டியதும் நிறுத்திக் கம்பிக் கொக்கியால் இழுத்துவிடுவேன், சைலன்சர் ஆறிய பிறகு. பாலிதீன் பை ஒட்டியிருந்தால் அது உருகித் தீர்ந்தே வாடை நிற்கும். பல வாரம் நின்ற வண்டியென்றால் பானெட்டுக்குள் எலிக்கூடு இருக்கிறதா பாருங்கள். கூட்டோடு போகிற விஷயமில்லை, அது வயரையும் கடித்திருக்கும்.

பானெட் திறக்கும்போது இனிப்பு வாடை அடித்தால் கூலண்ட் ஒழுகுகிறது. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. எண்ணெய் தீயும் வாடையும் வெள்ளையாகவோ நீலமாகவோ புகையும் என்றால் இன்ஜின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கில் எண்ணெய் கசிந்து சைலன்சர் குழாயில் சொட்டுகிறது. ரப்பர் வாடையோடு கீச்சென்ற சத்தமும் இருந்தால் பெல்ட். இவையெல்லாம் எந்த மெக்கானிக்கும் பார்த்ததும் சொல்லிவிடுவார்.

அவர்களும் கோட்டை விடுவது மின்சாரத்தில்தான். கேரவனில் இரண்டு மின்சார ஏற்பாடு இருக்கிறது. ஒன்று வண்டியுடையது. இன்னொன்று ஃபிரிட்ஜ், ஃபேன், விளக்குக்காகப் பின்னால் வைத்த பேட்டரி. வண்டி ஓடும்போது முன்னாலிருந்து ஒரு தடித்த கேபிள் வழியாக அது சார்ஜ் ஆகும். முன்பக்கம் தெரிந்த மெக்கானிக்குக் கட்டிலுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. உள்ளே வேலை செய்த ஆசாரிக்கு மின்சாரம் தெரியாது.

கானாடுகாத்தானில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குப் புறப்பட்டபோது பின் சீட்டிலிருந்த ஆச்சி சொன்னார்கள்: "தம்பி, வயரு கருகுற வாடை அடிக்குதுப்பா. நேத்துக் காலையிலயும் அடிச்சுச்சு."

"நேத்து மத்தியானம் அடிச்சுச்சா ஆச்சி?"

"இல்லையே. காலையில கெளம்புனப்ப மட்டுந்தேன்."

அந்தப் பதிலிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. அதற்கு முன் ஒரு பட்டறையில் பிரேக் லைனர் என்று சொல்லிக் கழற்றிப் பூட்டியிருந்தார்கள். பிரேக் என்றால் காலை, மத்தியானம் பார்த்தா தேயும்? இரவு முழுக்க ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடிப் பின் பேட்டரி இறங்கியிருக்கும். காலையில் இன்ஜினை எழுப்பியதும் அது கேபிள் வழியாக ஆம்பியரை அள்ளி இழுக்கும். மத்தியானத்துக்குள் நிறைந்துவிடுவதால் ஓட்டம் குறையும், வாடையும் நின்றுவிடும். ஓரம் கட்டி, எல்லோரையும் இறக்கி, சீட்டைத் தூக்கி அந்தக் கேபிளைத் தொடர்ந்து போனேன்.

பேட்டரிக்கு ஒரு முழம் முன்னால், ஃபியூஸ் பெட்டியில் மாட்டியிருந்த லக்கில், அதாவது கேபிள் முனையில் அழுத்திய செம்பு வளையத்தில், செம்பு நிறமே இல்லை, ஊதாவும் கறுப்புமாக மாறியிருந்தது. அதையொட்டிச் சிவப்பு உறை பழுப்பேறி, நகத்தால் அழுத்தியதும் அப்பளமாக நொறுங்கியது. ஆறிய பிறகு நட்டைத் திருகிப் பார்த்தேன், விரலுக்கே சுற்றியது. ஃபியூஸ் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

இந்த ஃபியூஸ் விஷயத்தைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஃபியூஸ் போகவில்லை, அதனால் மின்சாரக் கோளாறு இல்லை என்று பலரும் சொல்வார்கள். அளவுக்கு மீறி ஆம்பியர் ஓடினால்தான் ஃபியூஸ் போகும். தளர்ந்த இணைப்பில் ஓடுவது சரியான அளவுதான், ஆனால் அந்த ஒரு புள்ளியில் தடை கூடிச் சூடேறுகிறது. 40 ஆம்பியர் ஓடும் இடத்தில் 2 வோல்ட் விழுந்தால் 80 வாட் சூடு. ஈயப்பற்று வைக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைப்போல மூன்று மடங்குச் சூடு, மெத்தைக்கு அடியில், யாருக்கும் தெரியாமல்.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசியில் வையுங்கள். இரவு பேட்டரியைப் பயன்படுத்திய மறுநாள் காலை, இன்ஜின் ஓட, ஒரு முனையைக் கேபிளின் லக்கிலும் மறுமுனையை அது உட்கார்ந்திருக்கும் போல்ட்டிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் அன்றைக்கே கழற்றுங்கள். இதே மாதிரி முன் பேட்டரியிலிருந்து பின் பேட்டரி வரை ஒவ்வொரு இணைப்பாகப் போக வேண்டும். எர்த் பக்கத்தையும், அதாவது வண்டி உடம்போடு இணைக்கும் நெகட்டிவ் பக்கத்தையும், விடாதீர்கள். பெயிண்ட் மேல் போல்ட் வைத்து இறுக்கியிருந்தால் சூடு அங்கேயும் பிறக்கும். இன்வெர்ட்டர் கேபிளில் இன்னும் அதிக ஆம்பியர் ஓடும். 12 வோல்ட்டில் 1000 வாட் அடுப்புப் போட்டால் 80 ஆம்பியருக்கு மேல்.

சூடு பார்க்கும் துப்பாக்கி வாங்குவதானால், கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டியது உதவாது, அது உடம்புச் சூட்டுக்கு மட்டும் ஆனது. பட்டறைக்கு விற்பதை வாங்குங்கள். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அதன்மேல் காட்டினால் சரியாக வரும்.

கழற்றும்போது கவனம்: அந்தக் கேபிளுக்கு இரண்டு பக்கமும் பேட்டரி, இரண்டு பக்கமும் மின்சாரம் இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு பேட்டரியின் நெகட்டிவையும் கழற்ற வேண்டும். கூரையில் சோலார் இருந்தால் பேட்டரிக்கு முன்பே அதைத் துண்டித்துவிடுங்கள். கருகிய பகுதியை டேப் சுற்றி மறைக்காமல் நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு, அந்தக் கேபிளின் அளவுக்கான புது லக்கைக் கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள். சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கும் வேலையை அனுமதிக்காதீர்கள். ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கி, நட்டும் போல்ட்டும் சேருமிடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஸ்பீடு பிரேக்கர் குலுக்கலில் நட்டு நகர்ந்தால் கோடு விலகியிருப்பது கண்ணுக்குத் தெரியும்.

அழுகிய முட்டை வாடை வேறு ரகம். ஈய அமில பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜாகிக் கொதித்தாலும் வரும், கேஸ் கசிந்தாலும் அதற்குக் கிட்டத்தட்ட அதே நாற்றம். எது என்று நின்று ஆராயாதீர்கள். சுவிட்ச் எதையும் தொடாமல் கதவைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள், சிலிண்டர் கைக்கெட்டினால் அடைத்துவிட்டு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில்பெட்டியில் விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் ஒன்பது பேர் கருகிப் போனார்கள். மதுரை எங்களுக்குப் பக்கத்து ஊர். அதை நினைத்தே சாவி போடுமுன் சிலிண்டர் வாயை அடைத்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்கிறேன்.

புகை கண்ணில் பட்டுவிட்டால் தேடுவதை விட்டுவிடுங்கள். பேட்டரி மெயின் சுவிட்ச் கைக்கெட்டினால் அணைத்துவிட்டு விலகி நின்று 101 அல்லது 112-ஐ அழையுங்கள். பானெட்டை அகலத் திறந்தால் காற்று புகுந்து தீ எழும். லேசாகத் தூக்கி, அந்த இடுக்கில் உலர்பொடி அணைப்பானைப் பாய்ச்சுங்கள். அணைப்பான் கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கட்டிலுக்கு அடியில் இருந்து பயனில்லை.

பட்டறைக்குக் கொண்டுபோகும்போது "ஏதோ வாடை வருது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்நேரம், கிளம்பி எவ்வளவு நேரத்தில், என்ன வேகத்தில், அப்போது உள்ளே எதெல்லாம் ஓடியது, எந்த சீட்டில் அதிகம் என்று ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவரிடமும் கேட்டு அதில் சேருங்கள்.