பறக்கும் தட்டுக் கோப்புகளை எப்படிப் படிப்பது

முப்பது வருடம் தாலுகா அலுவலகப் பதிவறையில் இருந்தவன் நான். பழைய கோப்பு கைக்கு வந்தால் முதலில் தேதியைப் பார்ப்பேன், பிறகு யார் யாருக்கு எழுதினார்கள் என்று, அதற்கும் பிறகு 'பொருள்'. கதை கடைசியில்தான். பறக்கும் தட்டுகளைப் பற்றி ராணுவம் உண்மையில் என்ன நினைத்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் இந்த வரிசையையே சொல்வேன்.

ஒரே ஒரு பக்கத்தில் ஆரம்பியுங்கள். 1981 ஜனவரி 13 தேதியிட்ட கடிதம் அது. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் இருந்த அமெரிக்க விமானப்படைத் தளத்தின் துணைத் தளபதி, லெப்டினன்ட் கர்னல் சார்லஸ் ஹால்ட் எழுதியது. பொருள்: 'விளக்கம் தெரியாத ஒளிகள்'. மொத்தம் மூன்று பத்தி. தளத்தை ஒட்டிய ரெண்டில்ஷம் காட்டில் தளக் காவலர்கள் கண்ட வெளிச்சம், தரையில் ஏழு அங்குல அகலமும் ஒன்றரை அங்குல ஆழமுமான மூன்று பள்ளங்கள், கதிர்வீச்சு 0.1 மில்லிரான்ட்ஜன். இப்போது முதல் பத்தியின் தேதிக்கு வாருங்கள். டிசம்பர் 27 அதிகாலை என்று இருக்கும். உள்ளூர் போலீஸ் பதிவேட்டிலோ 26. இரண்டு வாரத்துக்கும் மேல் கழித்து எழுதிய தாளில் தேதி நழுவுவது எனக்குப் பழக்கப்பட்ட விஷயம். அதற்காக எழுதியவர் பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. ஆனால் அந்தத் தேதியை நம்பி ரேடார் பதிவைத் தேடினால் வேறொரு இரவைத்தான் தேடிக்கொண்டிருப்போம்.

அடுத்து, கோப்பை எந்தக் கேள்வியோடு மூடினார்கள் என்று பாருங்கள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் கேட்டது, நாட்டுக்கு ஆபத்து உண்டா என்று மட்டும். 'பாதுகாப்பு முக்கியத்துவம் இல்லை' என்று எழுதினால் 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று அர்த்தமில்லை. அது என்ன என்பதைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலையாகவே இருக்கவில்லை.

அமெரிக்கக் கோப்புகளையும் இந்தக் கண்ணோடு படியுங்கள். 1947 செப்டம்பரில் ஜெனரல் நேதன் ட்வைனிங், பறக்கும் தட்டு என்று சொல்லப்படுவது கற்பனையல்ல, நிஜம் என்று மேலிடத்துக்கு எழுதினார். 1952 ஜூலையில் வாஷிங்டன் ரேடார்களிலேயே புள்ளிகள் தெரிந்தபோது, விமானப்படை உளவுப்பிரிவின் ஜெனரல் சாம்ஃபோர்ட் பத்திரிகையாளர்களைக் கூட்டி, காற்றடுக்குகளின் வெப்பநிலை மாற்றம் காரணமாக இருக்கலாம் என்றார். 1953 ஜனவரியில் இதை ஆராய சி.ஐ.ஏ. கூட்டிய ராபர்ட்சன் என்ற விஞ்ஞானிகள் குழுவின் கவலை வேறு: இந்தத் தகவல்கள் வந்து குவிந்தால் நிஜமான சோவியத் தாக்குதல் பற்றிய செய்தி அதில் புதைந்துபோகும். ஆறு வருடத்துக்குள் பேச்சு எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது பாருங்கள்.

பறக்கும் தட்டுத் தகவல்களை விசாரிக்க அமெரிக்க விமானப்படை நடத்திய திட்டம் புளூ புக். அதன் கோப்புகளில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் முன்னால் ஓர் அட்டை இருக்கும். பலூன், விமானம், வானியல் என்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 'உறுதி', 'பெரும்பாலும்', 'இருக்கலாம்' என்று மூன்று படி. எந்தப் படியில் குறி விழுந்திருக்கிறது என்று கவனியுங்கள். 'போதிய விவரம் இல்லை' ஒரு கட்டம், 'தெரியவில்லை' தனிக் கட்டம். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். 1969இல் திட்டம் முடிந்தபோது மொத்தம் 12,618 சம்பவங்கள்; அதில் 701க்கு விடை இல்லை. எங்கள் பாஷையில் அவை நிலுவை. வேற்றுக்கிரகத்துக்குச் சாட்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது, தள்ளுபடி என்றும் சொல்ல முடியாது.

கடைசியாக, பக்கத்துப் பிரிவு அந்த நாளில் என்ன செய்துகொண்டிருந்தது என்று தேடுங்கள். 1948 ஜனவரி 7 அன்று கென்டக்கியில் கேப்டன் தாமஸ் மேண்டெல் வானில் கண்ட ஒன்றைத் துரத்தி மேலே மேலே ஏறினார், விமானம் விழுந்து இறந்தார். முதலில் வெள்ளிக் கிரகம் என்றார்கள். பின்னால்தான் கடற்படையின் ஸ்கைஹுக் பலூனாக இருக்கலாம் என்ற விளக்கம் வந்தது. அந்தப் பலூன் அப்போது ரகசியம். அவருக்குச் சொல்ல யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவருக்கு வயது 25. அந்தக் கோப்பை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.