செப்சிஸ்: நடுக்கத்தைக் குளிர் மேல் போடாதீர்கள்

கவ்வாத்துக் கத்தி பட்ட வெட்டு, சொறிந்து புண்ணாகிப்போன அட்டைக்கடி, சீனி வருத்தக்காரரின் கால் புண், சிறுநீர்க் கடுப்பு, நெஞ்சுச் சளி. இவற்றில் எதிலிருந்தும் செப்சிஸ் வரலாம். கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடலின் பாதுகாப்பு கட்டுமீறிப் போய்ச் சொந்த உறுப்புகளையே தாக்குவதுதான் இது. இரத்தக் குழாய்கள் தளர்ந்து நீர் கசியும், பிரஷர் இறங்கும், நுண்ணிய குழாய்களில் இரத்தம் உறையும். சிறுநீரகமும் மூளையும் இரத்தம் போதாமல் தடுமாறும்.

மலையகத்தில் பெரிய தவறு, நடுக்கத்தைக் குளிர் மேல் போடுவது. நுவரெலியா, மஸ்கெலியா பக்கம் மழை மாதத்தில் யாருக்குத்தான் கை சில்லிடாது? ஆனால் அடுப்படியில் கம்பளி போர்த்தி உட்கார்ந்தும் பல் கிட்டுகிறதென்றால் அது காலநிலை அல்ல.

காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல்படுவதும் தவறு. வயதானவர்களுக்கும் பச்சைக்குழந்தைகளுக்கும் உடல் வெப்பம் 36 பாகை செல்சியசுக்குக் கீழேயும் போகலாம். பெனடோல் காய்ச்சலைத்தான் இறக்கும், செப்சிஸை நிறுத்தாது. ஆகவே மூச்சை எண்ணுங்கள்: ஆள் அசையாமல் இருக்கும்போது, முழுதாக 60 செக்கன், நெஞ்சு எழும்புவதைப் பார்த்து. பெரியவருக்கு 22 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம். நாள் கிழமை தெரியாமல் உளறுவது, எழுப்ப எழுப்பத் தூங்கி விழுவது, நாள் முழுக்கச் சிறுநீர் போகாதது, தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறுவது: தொற்றோடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயத்தடிக்கு வண்டி வராவிட்டால் ரோடு வரை தூக்கி வாருங்கள், நடக்க வைக்க வேண்டாம்.

போன தடவை மிஞ்சிய அமொக்சிசிலின் அன்டிபயோட்டிக்கைக் கொடுக்காதீர்கள். அது இந்தக் கிருமிக்குப் பொருந்தாமல் போகலாம். இரத்தப் பரிசோதனையில் கிருமி பிடிபடாமலும் செய்துவிடலாம். டைக்ளோஃபெனாக், புரூஃபன் போன்ற வலி வில்லைகள் வேண்டவே வேண்டாம். ஏற்கனவே இரத்தம் குறைந்த சிறுநீரகத்தை அவை மேலும் கெடுக்கும். காயத்தில் கோப்பித்தூள், சுண்ணாம்பு அப்பாமல், ஓடும் சுத்தத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பிரஷர் விழுந்த நோயாளிக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் இரத்த நாளம் வழியே அன்டிபயோட்டிக் ஏற வேண்டும். ஆஸ்பத்திரியில் வெறுமனே “காய்ச்சல்” என்று சொன்னால் அந்த நேரம் வீணாகலாம். புண்ணைக் காட்டுங்கள். நடுக்கம் தொடங்கிய நேரம், கடைசியாகச் சிறுநீர் போன நேரம், குடித்த வில்லைகள் எல்லாவற்றையும் சொல்லி, “செப்சிஸாக இருக்குமா டொக்டர்?” என்று நேராகவே கேளுங்கள். கிளினிக் கொப்பி இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.