மருந்தடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்: மலையகத்துப் பசுமைச் செடிகளும் நாம் செய்யும் தவறுகளும்

வேலிச் செடி மஞ்சளாகத் தொடங்கியதும் நம்மில் பலர் முதலில் தேடுவது மருந்து டேங்கைத்தான். என்ன பூச்சி, பூச்சிதானா என்ற கேள்வியெல்லாம் அப்புறம்தான் வருகிறது. சைப்பிரஸ், கெமேலியா, அசேலியா, செவ்வரத்தை, குரோட்டன் என்று வருடம் முழுக்கப் பச்சையாக நிற்க வேண்டிய செடிகள் மலையகத்தில் கெட்டுப்போவதற்குப் பூச்சியைவிட இந்த அவசரமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். லயத்து வாசலில் பழைய பெயின்ட் வாளியில் வளரும் செவ்வரத்தையானாலும் சரி, பங்களாவைச் சுற்றி ஆள் உயரத்துக்கு நிற்கும் வேலியானாலும் சரி, இது பொருந்தும்.

முதலில், கருகியதெல்லாம் பூச்சி தின்றதல்ல. நுவரெலியாவிலும் அதைச் சுற்றிய பள்ளமான இடங்களிலும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் தரையில் பனி உறையும் இரவுகள் உண்டு. அப்படி ஓர் இரவுக்குப் பிறகு செடியின் உச்சியும் வெளிப்பக்கத் தளிரும் ஒரேயடியாகக் கருகிவிடும். பக்கத்தில் நிற்கும் வேறு வகைச் செடிகளிலும் அதே கருகல் தெரியும். பூச்சி அப்படிச் செய்யாது. அது ஒரு மூலையில் தொடங்கி, மெதுவாகப் பரவி, போகிற வழியில் எச்சமோ தோலோ பிசுபிசுப்போ விட்டுச் செல்லும். பனியில் கருகிய செடிக்கு மருந்தடிப்பது, ஏற்கெனவே நொந்த இலையை இன்னும் சுடுவதுதான். கருகிய நுனியைக்கூட உடனே வெட்ட வேண்டாம். பனிக்காலம் முடியும்வரை அது உள்ளே இருக்கும் மொட்டுகளுக்குக் கொஞ்சம் மறைப்பாக இருக்கும்.

சைப்பிரஸ் வேலியின் உட்பக்கம் பழுப்பாக இருப்பதைப் பார்த்தும் பலர் பயப்படுகிறார்கள். வெளிச்சம் படாத பழைய இலைகள் அப்படித்தான் உதிரும். வெளிப்பக்கம் பச்சையாக இருக்கும்வரை கவலை வேண்டாம். ஒரு கிளை மட்டும் நுனியிலிருந்து அடிவரை காய்ந்தால்தான் தண்டையும் வேரையும் பார்க்க வேண்டும்.

சரி, பூச்சி என்றே தெரிகிறது. அப்போதும் பெரும்பாலோர் இலையின் மேற்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு எடுக்கிறார்கள். அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, செதிற்பூச்சி எல்லாம் இலைக்கு அடியிலும், காம்பு தண்டோடு சேரும் இடுக்கிலும், பட்டை மடிப்பிலும்தான் குடியிருக்கின்றன. இலையைத் திருப்பிப் பார்க்காதவர் மருந்தையும் மேலேதான் அடிப்பார். பூச்சிமேல் ஒரு துளிகூடப் படாது.

எட்டுக்கால் உயிரை ஆறுகால் உயிருக்கான மருந்தால் அடிப்பது அடுத்த தவறு. சிற்றுண்ணி பூச்சியே அல்ல, சிலந்திக்குச் சொந்தம். இலையில் ஊசிமுனை அளவு வெளிறிய புள்ளிகள் விழுந்து, போகப்போக இலை முழுவதும் செம்பழுப்பாக மங்கினால் சிற்றுண்ணியைச் சந்தேகப்படலாம். ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்குக் கீழே பிடித்துக்கொண்டு கிளையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியில் சிலது நடக்கத் தொடங்கினால் சந்தேகம் தீர்ந்தது. தேயிலையும் கெமேலியாவும் ஒரே பேரினம் என்பதால் தேயிலை மலைக்குப் பக்கத்தில் கெமேலியா வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தேயிலையின் செஞ்சிலந்தி, மற்றப் பல சிற்றுண்ணிகளைப்போல் அல்லாமல், முற்றிய இலையின் மேற்பக்கத்திலேயே இருக்கும்.

வெயிலும் காய்ந்த காற்றும் இவற்றுக்கு மிகவும் பிடிக்கும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரையும், பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களிலும் தேயிலைக்கு நல்ல வாசம் ஏறுகிறதே, அதே மாதங்களில்தான் சிற்றுண்ணியும் பெருகும். தெருப்புழுதி படியும் வேலியில் இன்னும் அதிகம். அந்த நாட்களில் குழாய்த் தண்ணீரை வேகமாக இலைக்கு அடியிலும் மேலும் பீய்ச்சி அடிப்பதே பாதி வைத்தியம். அதைச் செய்யாமல் பைரித்திரொயிட் வகைப் பூச்சிநாசினியை அடித்தால், சிற்றுண்ணியைத் தின்னும் வேட்டைச் சிற்றுண்ணிகள் செத்து, தின்பவர் இல்லாமல் இது பல மடங்காகும். நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத்தூள் பல வகைச் சிற்றுண்ணிகளுக்குச் சரிப்படும். ஆனால் எண்ணெய்க் கரைசல் அடித்த செடிக்கு இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடிக்கக் கூடாது. இலை வெந்துவிடும்.

இலைமேல் கரி படிந்ததும் பூஞ்சண மருந்து வாங்க ஓடுவதையும் அடிக்கடி பார்க்கலாம். காசு வீண். அசுவினியும் மாவுப்பூச்சியும் மெல்லிய செதிற்பூச்சிகளும் செடிச் சாற்றை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சி, மிச்சத்தை இனிப்பு நீராகக் கழிக்கின்றன. அது கீழே உள்ள இலைகளில் விழுந்து பளபளவென்று ஒட்டும். அதன்மேல்தான் கரும்பூஞ்சணம் வளர்கிறது. அது இலைக்குள் நுழைவதில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். கரி படிந்த இலைக்கு நேர் மேலே இருக்கும் கிளையைப் பாருங்கள், காரணம் அங்கே உட்கார்ந்திருக்கும்.

எறும்புகளும் அங்கே வரிசையாக ஏறி இறங்கும். அவற்றைக் கண்டுகொள்ளாமல் விடுவதை நான் பெரிய தவறாகவே சொல்வேன். இனிப்பு நீருக்காக எறும்புகள் இந்தப் பூச்சிகளைக் காவல் காக்கின்றன, பொறிவண்டுகளை விரட்டுகின்றன. எறும்பின் வழியை அடைத்தாலே பல செடிகளில் மீதி வேலையைப் பொறிவண்டுகள் பார்த்துக்கொள்ளும். அடித்தண்டில் ஒட்டு டேப்பைச் சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையின்மேல் நேராகத் தடவ வேண்டாம். சுவரையோ வேறு செடியையோ தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு அந்த வழியாக வந்துவிடும்.

செதிற்பூச்சியில் ஏமாறாதவர் குறைவு. தண்டிலும் இலை நரம்பிலும் தவிட்டு நிறத்திலோ பச்சையாகவோ சிறு பொட்டுகள் அசையாமல் ஒட்டியிருக்கும். இந்த மலைநாட்டுக்கு இது புதிதல்ல. 1869இல் இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களைச் சாய்க்கத் தொடங்கியது. 1880களில் பச்சைச் செதிற்பூச்சியும் வந்து சேர்ந்துகொண்டது. கோப்பி போய்த் தேயிலை வந்த கதையில் இந்தச் சிறு பூச்சிக்கும் பங்கு உண்டு. இன்றும் அது வெட்சியிலும் கார்டினியாவிலும் வரும். வளர்ந்த செதிற்பூச்சி ஓட்டுக்கு அடியில் இருப்பதால், மேலே பட்டுக் கொல்லும் மருந்து அதை ஒன்றும் செய்யாது. முட்டையிலிருந்து வெளிவந்து நடந்து திரியும் குஞ்சுகள்தான் இலகுவில் சாகும். அவை எப்போது வருகின்றன என்று அறிய, இரு பக்கமும் ஒட்டும் டேப்பைக் கிளையில் சுற்றி வைத்து அடிக்கடி பாருங்கள். மஞ்சள் புள்ளிகளாகக் குஞ்சுகள் ஒட்டத் தொடங்கும் வாரமே தெளிக்க வேண்டிய வாரம். நாலைந்து செடி மட்டும் என்றால் மருந்தே வேண்டாம், பழைய பல் தூரிகையும் சவர்க்காரத் தண்ணீரும் போதும். இன்னொன்று: செத்த செதில்களும் பல மாதம் ஒட்டியே கிடக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று மறுபடி மறுபடி அடிக்காமல், நகத்தால் நசுக்கிப் பாருங்கள். ஈரம் வந்தால் உயிர் இருக்கிறது, பொடியாக உதிர்ந்தால் செத்துவிட்டது.

நல்லதைக் கெட்டதென்று கொல்வது எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தமான தவறு. பொறிவண்டின் புழு அதன் தாயைப்போல் அழகாக இருக்காது. கறுத்து நீண்டு, முள்முள்ளாக இருக்கும். சில வகைகளின் புழுக்கள் வெள்ளை மெழுகு போர்த்தி மாவுப்பூச்சி மாதிரியே தெரியும், ஆனால் அதைவிட வேகமாக நடக்கும். அசுவினிக் கூட்டத்துக்குள் சில மட்டும் உப்பிப் பழுப்பாகிச் செத்திருந்தால், குட்டிக் குளவி ஒன்று அவற்றுக்குள் முட்டையிட்டிருக்கிறது. அந்தக் கிளையை விட்டுவிடுங்கள்.

இதற்கு நம் தேயிலை மலையே சாட்சி. தேயிலை இலைசுருட்டிப் புழுவை அடக்க 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியினம் கொண்டுவரப்பட்டது. அது நன்றாகவே வேலை செய்தது. பிறகு 1950களில் தண்டு துளைக்கும் வண்டுக்கு எதிராக டீல்டிரின் அடித்த தோட்டங்களில், அடங்கிக் கிடந்த இலைசுருட்டிப் புழு மறுபடி கிளம்பியது. வண்டுக்கு அடித்த மருந்து குளவியைக் கொன்றிருந்தது. பெரிய தோட்டத்தில் நடந்த அதே காரியம் வீட்டு வாசலிலும் நடக்கும்.

சவர்க்காரத்துக்கு வருவோம். துணி துவைக்கும் தூளைக் கரைத்து அடித்தால் இலை ஓரம் கருகும். மென்மையான திரவச் சவர்க்காரம் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் போதும். வேப்பெண்ணெயும் அதே அளவுதான். எண்ணெய் தண்ணீரோடு கலக்கச் சில துளி சவர்க்காரம் சேர்த்து, அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பொறுங்கள். உச்சி வெயிலில் அடிக்க வேண்டாம், இந்த உயரத்தில் வெயில் சுள்ளென்று சுடும். மழை வரும் நாளிலும் பயனில்லை. மழையில்லாத மப்பான காலை நேரமே நல்லது, கரைசல் சீக்கிரம் காயாமல் பூச்சியின்மேல் நிற்கும். காய்ந்த பிறகு சவர்க்காரத்துக்கு வலு இல்லை, ஆகவே ஏழு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை அடிக்க நேரிடும். நீலச் சாம்பல் பூச்சோடு இருக்கும் ஊசியிலைச் செடிகளுக்கு எண்ணெய் வேண்டாம், அந்த நிறமே போய்விடும்.

கந்தப்பளை, வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் மிஞ்சிய மருந்து வீட்டுப் பூஞ்செடிக்கு வந்துவிடுகிறது. எந்தப் பயிருக்கு, எவ்வளவு என்று எழுதிய லேபிள் கூட வருவதில்லை. சில சமயம் அது குளிர்பானப் போத்தலில் வருகிறது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். பழைய அலுமாரிகளில் டைமெதொயேட் என்ற பூச்சிநாசினிப் போத்தல் கிடந்தாலும் தொடாதீர்கள். பரகுவாட், பென்தியோன் ஆகியவற்றோடு அதுவும் 2008 முதல் 2011 வரை படிப்படியாக இலங்கையில் தடைசெய்யப்பட்டது. மேட்டில் அடித்த மருந்து மழையோடு கீழேதான் இறங்கும். அங்கே யாரோ பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். செடி பூத்திருக்கும்போது எந்தப் பூச்சிநாசினியும் வேண்டாம், தேனீக்கள் வரும். அடர்ந்த வேலியில் டேங்கோடு இறங்கும் முன் குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். குளவி கொட்டினால் என்ன ஆகும் என்று கொழுந்தெடுக்கும் நம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தேயிலைக்குப் போட்ட யூரியாவில் மிச்சத்தை வேலிக்கு வீசுவதும் பூச்சியை அழைப்பதுதான். திடீரென்று துளிர்க்கும் மெல்லிய தளிரை அசுவினி தேடி வரும். கவ்வாத்து செய்யும்போது பூச்சி பிடித்த கிளைகளைச் செடிக்கு அடியிலேயே போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். சைப்பிரஸை மட்டும் இலையில்லாத பழைய கட்டைவரை வெட்டிவிட வேண்டாம், அது அங்கிருந்து மறுபடி துளிர்க்காது. இலைகளைத் தின்றபடி, குச்சிகளை விறகுக்கட்டுபோல் சுற்றிக்கொண்டு தொங்கும் புழுக்களை இந்த நேரத்தில் கையால் பறித்துவிடலாம், மருந்தைவிட அது நிச்சயம்.

நாற்றுத் தவறணையிலிருந்தோ ஏப்ரல் வசந்த கால விற்பனையிலிருந்தோ வாங்கிய செடியை அன்றே மற்றச் செடிகளோடு சேர்க்காதீர்கள். இரண்டு மூன்று வாரம் தள்ளி வைத்து, இலைக்கு அடியும் சட்டியின் ஓரமும் பாருங்கள். என்ன பூச்சி என்று கடைசிவரை புரியாவிட்டால், பாதிக்கப்பட்ட குச்சியை இலையோடு வெட்டி, கட்டிய பையில் போட்டு விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். எந்தச் செடி, எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன அடித்தீர்கள் என்ற மூன்றையும் மறக்காமல் சொல்லுங்கள்.